பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: நாங்கள் துண்டு துண்டாகத்தான் படிக்கிறோம்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும், பக்கம் வடிவமைப்பவர்களுக்கும், ஒரு புத்தகம் எந்த அளவில் எந்தத் தாளில் வரவேண்டும் என்று முடிவு செய்கிற எல்லோருக்கும்,

வணக்கம். வாசிப்பு குறைந்துவிட்டது என்று நீங்கள் வருத்தப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். காரணமாகச் சொல்லப்படுவதெல்லாம் எங்கள் பக்கத்துக் குறைகள்தான்: கைபேசி, சோம்பல், பொறுமையின்மை, கவனச்சிதறல். மருந்தும் எங்களுக்குத்தான். விடியற்காலையில் எழுந்திரு, கைபேசியை அடுத்த அறையில் வை, வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று எழுதி ஒட்டு. சரி, இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் புத்தகம் மட்டும் விசாரணைக்கே வருவதில்லை. அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எந்த மாதிரி ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் நாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விளம்பரப் படங்களில் வருகிற வாசகர் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, மடியில் போர்வை, பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை என்று உட்கார்ந்திருக்கிறார், அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. நாங்கள் வண்டிக்குக் காத்திருக்கும்போது படிக்கிறோம். வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் புத்தகத்தை விரித்துப் படிக்கிறோம். மருத்துவரின் அறைக்கு வெளியே, பிள்ளையின் வகுப்பு முடியும்வரை, அடுப்பில் ஏதோ கொதிக்கும்போது, கூட்டம் தொடங்கும் முன் மற்றவர்கள் வந்து சேருகிற இடைவெளியில் படிக்கிறோம். இரவு படுக்கையில் ஒன்றரைப் பக்கம் தாண்டுவதற்குள் புத்தகம் மூக்கில் விழுகிறது. அப்புறம் நாலு நாள் தொடவே முடிவதில்லை. ஐந்தாம் நாள் எடுக்கிறோம்.

இப்படிப் படிப்பவர்களை அரைகுறை வாசகர்கள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஆங்கிலத்தில் மனதுக்குள் படிக்கும் வேகம் பற்றிய பல ஆய்வுகளை மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியலாளர் 2019ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். கட்டுரை வகை நூல்களில் நிமிடத்துக்குச் சராசரி 238 சொல், புனைகதையில் 260 என்று வந்தது. தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் அந்த எண் நமக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. 90,000 சொல் கொண்ட நாவல் என்றால் நிமிடத்துக்கு 250 வீதம் ஆறு மணி நேரம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் 24 நாள். பாதி வேகத்தில் படித்தாலும் ஐம்பது நாளுக்குள் முடிந்துவிடும். அதாவது நேரம் பற்றாமல் நாங்கள் தோற்பதில்லை. எடுத்த புத்தகத்தைப் பாதியில் விடுகிறோமே, அது வேறு ஒரு இடத்தில் நடக்கிறது.

விட்ட இடத்தைப் பிடிப்பதில் நடக்கிறது. கிடைப்பது பத்து நிமிடம். அதில் எந்தப் பத்தியில் நிறுத்தினேன் என்று தேட ஒரு நிமிடம். இந்த ராகவன் யார், முதல் அத்தியாயத்தில் வந்த மாமாவா, இல்லை அலுவலகத்தில் வந்தவனா என்று நினைவுபடுத்த இரண்டு நிமிடம். நான்கு பக்கம் பின்னால் போய்ப் படித்து, ஓ இவனா என்று தெரிந்துகொண்டு மறுபடி முன்னால் வர இன்னும் இரண்டு நிமிடம். பத்தில் பாதி போயிற்று. இறங்குகிற இடம் வந்துவிட்டது. இது ஒரு நாளைக்கு நடந்தால் பரவாயில்லை, தினமும் நடந்தால் கை தானாகக் கைபேசிக்குப் போகும், ஏனென்றால் கைபேசியில் விட்ட இடத்தைப் பிடிக்கும் வேலையே கிடையாது, திறந்தவுடன் அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கவனத்தைக் கைபேசி பறித்துக்கொண்டது என்று சொல்வதைவிட, திரும்பி வருகிறவனுக்குக் கதவை அது திறந்து வைத்தது, நீங்கள் வைக்கவில்லை என்று சொல்வேன்.

ஆகவே நாங்கள் கேட்பது சின்னப் புத்தகம் இல்லை. இதைத்தான் தயவுசெய்து சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பரபரப்பான வாழ்க்கை என்ற சொல் காதில் விழுந்ததும் பல பதிப்பாளர்களுக்கு நூறு பக்கச் சுருக்கம், பதினைந்து நிமிடச் சாரம், முக்கியக் கருத்துகள் பத்து என்றுதான் யோசனை போகிறது. நாங்கள் கேட்பது நிறுத்தவும் தொடரவும் தோதான புத்தகம். அது ஆயிரம் பக்கமாகவே இருக்கட்டும்.

நீளமான புத்தகங்களில்தான் இது பல சமயம் நன்றாக அமைந்திருக்கிறது. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலைக் கண்டு பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் அதில் 361 அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பில் ஐந்தரை லட்சம் சொல்லுக்கு மேல் என்று வைத்தாலும் ஓர் அத்தியாயத்துக்குச் சராசரியாக ஆயிரத்து ஐந்நூறு சொல் சொச்சம்தான், ஆறேழு நிமிட வேலை. நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று ஒரு வருஷத்தில் படித்து முடிக்கிறவர்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நம் பக்கத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். நேரமே இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிற எத்தனையோ பேர் அதை முழுக்கப் படித்திருக்கிறார்கள், சிலர் இரண்டு மூன்று தடவைகூட. கதைச் சுவை ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னொரு காரணம், அது 1950களில் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதப்பட்டது. போன வாரம் படித்ததைப் பாதி மறந்துவிட்டு வருகிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் எழுதியவருக்கு ஒவ்வொரு வாரமும் இருந்தது. அத்தியாயத்துக்குத் தலைப்பு, தொடக்கத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று ஒரு குறிப்பு, முடிவில் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி. அந்த வாரக் கெடு போய் எழுபது வருஷம் ஆகிறது, அதன் பலனை இன்றைக்கு அவசரத்தில் படிக்கிறவர் அனுபவிக்கிறார். குறளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்து. எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், எங்கே வேண்டுமானாலும் மூடலாம்.

எழுத்தாளர்கள் எல்லோரும் தொடர்கதை மாதிரி எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அத்தியாயமே இல்லாமல் ஒரே மூச்சாக ஓடுகிற நாவல்கள் இருக்கின்றன, அந்த மூச்சுதான் அவற்றின் உயிர், அவற்றில் கை வைக்காதீர்கள். அப்படிப்பட்டதை நாங்கள் விடுமுறைக்கு எடுத்து வைத்துக்கொள்வோம். நான் கேட்பது எழுத்துக்கு வெளியே இருக்கிற, உங்கள் கையில் இருக்கிற விஷயங்கள்.

பக்கத்தின் தலைவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான புத்தகங்களில் இடது பக்கம் நூலின் பெயர், வலது பக்கம் ஆசிரியர் பெயர். முந்நூறு பக்கத்துக்கும் அதுவே. நான் என்ன புத்தகம் படிக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். எந்த அத்தியாயத்தில் இருக்கிறேன் என்பதுதான் தெரியாது. அந்த இடத்தில் அத்தியாயத்தின் எண்ணையும் தலைப்பையும் போட்டால் உங்களுக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. கட்டுரை நூல்களில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே தலைப்புதான் வாதம் எங்கே போகிறது என்பதற்கான பிடி.

அடுத்து, காட்சி மாறும் இடத்தில் ஒரு வரி இடைவெளி விடுகிறீர்கள். நல்லது, நாங்கள் நிறுத்துவதற்குத் தேடுகிற இடமே அதுதான். ஆனால் அந்த இடைவெளி பக்கத்தின் அடியில் விழுந்தால் காணாமல் போய்விடுகிறது. அடுத்த பக்கம் புரட்டினால் வேறு ஊர், வேறு ஆட்கள், நாம் எதையோ தவறவிட்டோம் போலிருக்கிறது என்று திரும்பிப் போய்த் தேடுகிறோம். அந்த இடத்தில் மூன்று உடுக்குறி (* * *) போடுங்கள். போதும்.

குறிப்புகளை நூலின் கடைசியில் கொண்டுபோய் வைக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. உட்கார்ந்து மேசையில் படிக்கிறவருக்கு அது சின்னத் தொந்தரவு. நின்றுகொண்டு படிக்கிறவருக்கு 47ஆம் பக்கத்திலிருந்து 392ஆம் பக்கத்துக்குப் போய் வருவது சர்க்கஸ். அதுவும் அங்கே போனால் குறிப்பு எண்கள் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும், எந்த அத்தியாயம் என்று தலைவரியில் இருக்காது, ஆக எந்த 14 என்று தெரியாது. ஆதார நூல்களின் பட்டியல் கடைசியில் இருக்கட்டும். விளக்கம் சொல்லும் குறிப்பு அதே பக்கத்தின் அடியில் வரட்டும்.

பாத்திரப் பட்டியல் என்றால் ஏதோ பரீட்சைக் கையேடு மாதிரி தெரிகிறது போல, பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்பில் ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தந்தை பெயரோடு சேர்ந்த பெயர், செல்லப் பெயர் என்று மூன்று இருக்கும், நாலு நாள் இடைவெளி விட்டு வருகிறவருக்கு அவை மூன்று ஆட்கள். மூன்று தலைமுறைக் கதை என்றால் ஒரு குடும்ப மரம். ஒரு பக்கம் செலவு. இன்னார் மகன், இன்னார் ஊர் என்று மட்டும் இருந்தால் போதும். யார் சாகப்போகிறார் என்பதையும் அதிலேயே சொல்லிவிடாதீர்கள், அப்படியும் பார்த்திருக்கிறேன்.

இனி புத்தகத்தின் உடம்பு. டெமி அளவு, அதாவது சுமார் 14க்கு 21.5 செ.மீ. பக்கம், 600 பக்கம் என்றால் 300 தாள். 80 ஜிஎஸ்எம் தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில், அச்சடித்தால் உள்பக்கங்கள் மட்டுமே 720 கிராம் வருகிறது, கெட்டி அட்டை சேர்ந்தால் இன்னும் மேலே போகும். இதை ஒரு கையில் பிடித்து இருபது நிமிடம் நிற்க முடியுமா என்று அச்சுக்கு அனுப்பும் முன் யாராவது ஒருவர் செய்து பார்த்ததுண்டா? அதையே 60 ஜிஎஸ்எம் தாளில் போட்டால் 540 கிராம். இரண்டு பாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 270. தாள் மெலிந்தால் பின்பக்க எழுத்து தெரியும் என்பீர்கள், எல்லாத் தாளுக்கும் அப்படி இல்லை என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். பைண்டிங் இன்னொரு தலைவலி. முதுகில் வெறும் பசை மட்டும் வைத்து ஒட்டிய தடிப் புத்தகம் விரிந்து நிற்பதே இல்லை, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அழுத்தம் கூடினால் முதுகு விட்டுப்போகும். ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்களைக் கட்டுக்கட்டாக வைத்துத் தைத்த புத்தகம் கையில் அடங்கி விரிகிறது. செலவு கூடும், தெரியும். ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்டதற்காவது செய்யலாம். உள்பக்க ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டால் வரியின் கடைசிச் சொல் முதுகுக்குள் போய் ஒளியாது.

இதெல்லாம் நானாகக் கற்பனை செய்கிற ஆசை இல்லை. உங்கள் தொழிலில் ஏற்கெனவே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் 1501ல் பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற சின்ன அளவில் அச்சடித்தார். அதுவரை அந்த அளவு பெரும்பாலும் பிரார்த்தனைப் புத்தகங்களுக்கு, இலக்கியம் என்றால் மேசையில் வைத்துப் படிக்கிற பெரிய நூல். மேசை இல்லாத இடத்திலும் ஒருவர் படிப்பார் என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான். ஜப்பானில் இவானாமி நிறுவனம் 1927ல் தொடங்கிய சிற்றளவு வரிசையைப் பின்பற்றி இன்றைக்கு எத்தனையோ பதிப்பகங்கள் ஏ6 அளவில், 10.5க்கு 14.8 செ.மீ., நாவல் முதல் தத்துவம் வரை போடுகின்றன. நீளமான நாவல் என்றால் இரண்டு மூன்று பாகமாகப் பிரித்துவிடுவார்கள். நெதர்லாந்தில் 2009ல் ‘த்வார்ஸ்லிகர்’ என்று ஒரு வடிவம் வந்தது. மெல்லிய தாள், முதுகு மேல்பக்கம், எழுத்து அதற்கு ஏற்பக் குறுக்கில், பக்கங்களை மேல்நோக்கிக் கட்டைவிரலாலேயே தள்ளலாம், ஒரு கை போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் போர்க்காலப் பதிப்புகள். 1943 முதல் 1947 வரை படைவீரர்களுக்காக 1,322 பதிப்புகள், 12 கோடிப் பிரதிகளுக்கு மேல். சீருடையின் பைக்குள் போக வேண்டும் என்பதுதான் முதல் விதி. பத்திரிகை அச்சிடும் இயந்திரங்களில் இரண்டிரண்டாக அடித்து நடுவில் வெட்டினார்கள், அதனால் புத்தகம் பெரும்பாலும் உயரத்தைவிட அகலமாக இருந்தது, செய்தித்தாளில் போலப் பக்கத்தை நெடுக்கில் இரண்டாகப் பிரித்திருந்தார்கள், வரி குறுகலாக இருந்ததால் மங்கிய வெளிச்சத்திலும் கண் வரி தவறவில்லை. பசையை நம்பாமல் கம்பி ஊசி அடித்தார்கள். எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று தெரியாத ஆட்களுக்கான புத்தகங்கள் அவை, எங்களைவிடப் பல மடங்கு நெருக்கடியில் இருந்தவர்கள். ஆனாலும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுருக்கப்படாத முழு நூல்கள். நேரமில்லாத வாசகருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது அங்கே உள்ளடக்கத்தை வெட்டவில்லை, புத்தகத்தை மாற்றினார்கள்.

மின்னூல் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது, நானும் அதில்தான் நிறையப் படிக்கிறேன், விட்ட இடத்தை அதுவே வைத்துக்கொள்கிறது, சில கருவிகள் இந்த அத்தியாயம் முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்றுகூடச் சொல்கின்றன. ஆனால் நீங்கள் மின்னூல் என்ற பெயரில் பல சமயம் கொடுப்பது அச்சுக்குப் போன அதே பிடிஎஃப். கைபேசியில் ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி, வலப்பக்கம் இழுத்து, திரும்ப இடப்பக்கம் இழுத்துப் படிக்க வேண்டும். திரைக்கேற்ப வரி மடிகிற ஈபப் கொடுங்கள், பொருளடக்கத்தைத் தொட்டால் அத்தியாயத்துக்குப் போகும்படி கொடுங்கள். ஒலிநூலும் அப்படித்தான். ஒன்பது மணி நேரத்தை ஒரே கோப்பாகப் போட்டால் தவறிக் கைபட்டு நகர்ந்துவிட்டது என்றால் அவ்வளவுதான், கடலில் விழுந்த மோதிரம். அத்தியாயவாரியாகப் பிரியுங்கள். அச்சு நூல் வாங்கினவருக்கு மின்பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, வீட்டில் தாளில் படித்ததை வழியில் கைபேசியில் தொடரலாம்.

முன்னுரைகளைப் பற்றி ஒரே வரி: அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை எல்லாவற்றையும் பின்னால் வையுங்கள், எங்களுடைய முதல் பத்து நிமிடம் கதைக்குப் போகட்டும்.

ஆழ்ந்த வாசிப்புக்கு நீண்ட நிசப்தம் வேண்டும், துண்டு துண்டாகப் படிப்பதை ஊக்குவிப்பது வாசிப்பையே கெடுக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். பாதி ஒத்துக்கொள்கிறேன். கடினமான ஒரு வாதத்தைப் பத்து பத்து நிமிடமாகப் பிடிக்க முடியாது, அதற்கு நானும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஒதுக்குகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் புத்தகத்தைத் தொடுகிறவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் சீக்கிரம் கைவிட்டுப் போகும், இதை என்னைச் சுற்றி நிறையப் பார்க்கிறேன். வார நாட்களின் சில்லறை நிமிடங்கள்தான் ஒரு புத்தகத்தை மனதில் உயிரோடு வைத்திருக்கின்றன, இடைவெளியில் வேறு வேலை செய்யும்போதுகூட அந்தப் பாத்திரம் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறது. ஒரே மூச்சில் முடித்த புத்தகங்களைவிட இப்படி ஒரு மாதம் கூடவே வந்த புத்தகங்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன.

எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாது என்று தெரியும். தாள், தையல், அளவு எல்லாம் பணம் சம்பந்தப்பட்டவை, யோசித்துச் செய்யுங்கள். ஆனால் தலைவரியில் அத்தியாயப் பெயர், பக்க அடியில் மறையும் இடைவெளிக்கு மூன்று உடுக்குறி, விளக்கக் குறிப்புகள் அந்தந்தப் பக்கத்திலேயே, இந்த மூன்றுக்கும் வடிவமைப்பாளரின் ஒரு நாள் வேலைக்கு மேல் ஆகாது என்று நினைக்கிறேன். அடுத்த மறுபதிப்பில் ஒரே ஒரு நூலில் செய்து பாருங்கள். கூடவே அச்சு மாதிரிப் பிரதியை உங்கள் அலுவலகத்தில் யாரிடமாவது கொடுத்து, மேசையில் வைக்காமல், ஒரு வாரம் போகும்போதும் வரும்போதும் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அவர் திரும்பி வந்து சொல்வது இந்த மடலைவிட உபயோகமாக இருக்கும்.

பதில் எழுதுவதானால் சுருக்கமாக எழுத வேண்டியதில்லை. நீளமாகவே எழுதுங்கள், நடுவில் நிறுத்த இடம் மட்டும் விட்டு.

இப்படிக்கு,
நின்றுகொண்டு படிப்பவர்களில் ஒருவர்